இவ்வளவு கனமான விமானம் ஏன் விழுவதில்லை? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி இது: "எட்டு வயது மகள் கேட்கிறாள், 'பலூன் லேசா இருக்கு, பறக்குது. இவ்ளோ பெரிய விமானம் ஏன் விழல?' பள்ளியில் படித்ததைச் சொன்னேன். இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருக்கிறது, அதனால் அங்கே காற்று வேகமாகப் போகிறது என்று. 'ஏன் வேகமாப் போகணும்?' என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை."

உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். அந்த 'ஏன் வேகமாப் போகணும்?' என்பதற்கு நம்மில் பலர் படித்த விளக்கமே தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன். எட்டு வயதுக்குப் போதுமான பதிலை முதலில் சொல்லிவிடலாம்: விமானம் காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று விமானத்தை மேலே தள்ளுகிறது. மீதியெல்லாம் எப்படித் தள்ளுகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்ற விவரம்தான்.

ஆனால் இந்த ஒரு வரியைச் சொன்னதும் பிள்ளைகள் நம்பிவிடுவதில்லை. விமானம் அவர்களுக்குப் புரிகிறது, காற்றுதான் புரிவதில்லை. காலி டம்ளரைக் காட்டி "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்லை" என்பார்கள். பெரியவர்களும் அதையேதான் சொல்வோம். நடுத்தர அளவுள்ள ஏர்பஸ் ஏ320 விமானம் ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் ஏற்றிக் கிளம்பும்போது 78 டன் வரை இருக்கும். யானை ஒன்று ஐந்து டன் என்று வைத்தால் பதினைந்து யானைகள். 'ஒன்றுமில்லாத' ஒன்றின் மேல் பதினைந்து யானைகள் எப்படி நிற்கும்? நியாயமான சந்தேகம். அதனால் விமானத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் காற்றைப் பற்றிப் பேசுங்கள் என்பேன்.

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை இழுத்துக் காற்றை உள்ளே நிரப்பி, நுனியை விரலால் இறுக்கி மூடி, தண்டை அமுக்கச் சொல்லுங்கள். பாதி தூரத்துக்குமேல் போகாது. கையை எடுத்தால் தண்டு திரும்ப வந்துவிடும். உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் தண்டைத் திருப்பித் தள்ளியது யார்? இந்த ஒரு சோதனை நூறு வரி விளக்கத்துக்குச் சமம். அடுத்தது எடை. ஒரு கன மீட்டர் காற்று, அதாவது மீட்டர் நீளம், மீட்டர் அகலம், மீட்டர் உயரமுள்ள பெட்டியில் அடங்கும் காற்று, கடல் மட்டத்தில் சுமார் 1.2 கிலோ இருக்கும். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்று 43 கிலோ. உங்கள் மகளைவிட அந்த அறையின் காற்று கனம். இதைக் கேட்டதும் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

சரி, காற்று ஒரு பொருள், அதற்கு எடை உண்டு, தள்ளினால் திருப்பித் தள்ளும். இனி அதைத் தள்ளிப் பார்க்கலாம். ஒரு கெட்டியான அட்டையை எடுத்து, மேசை விசிறிக்கு முன்னால் இரண்டு கையாலும் படுக்கை வாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டையின் விளிம்பு விசிறியைப் பார்த்து இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. முன் விளிம்பைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் மேலே தூக்கினால் அட்டை கையோடு மேலே எழும்பப் பார்க்கும். விளிம்பைக் கீழே சாய்த்தால் கீழே அமுங்கும். ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் இதே விஷயம் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். அட்டை போதும்.

அட்டை ஏன் எழும்பியது? நேராக வந்த காற்று சாய்ந்த அட்டையில் பட்டுக் கீழ்ப்பக்கமாகத் திரும்பிப் போகிறது. காற்றை அட்டை கீழே திருப்பிவிட்டது, பதிலுக்குக் காற்று அட்டையை மேலே தள்ளிவிட்டது. நீச்சலடிக்கும்போது தண்ணீரைப் பின்னால் தள்ளினால் நாம் முன்னால் போகிறோம் அல்லவா, அதே கணக்கு. நியூட்டன் 1687-இல் மூன்றாம் விதியாக எழுதிவைத்தது இதைத்தான். பிள்ளையிடம் விதி எண்ணெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. 'நீ தள்ளினால் அதுவும் தள்ளும்' என்றால் போதும்.

ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழே புழுதி பறப்பதைப் படங்களிலாவது பார்த்திருப்பாள். அது காற்றைக் கீழே தள்ளுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். விமானமும் அதையேதான் செய்கிறது. ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நின்று தள்ளுகிறது. விமானம் ஓடிக்கொண்டே தள்ளுவதால் அந்தத் தள்ளல் வானம் நெடுகப் பரவிக் கிடக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எவ்வளவு தள்ளுகிறது என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 35 மீட்டர் இறக்கை விரிவுள்ள, 70 டன் எடையுள்ள விமானம் பத்து கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப்படி அது ஒவ்வொரு நொடியும் 80, 90 டன் காற்றைப் பிடித்து நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் கீழே அனுப்புகிறது. அதாவது தன் எடையைவிடக் கூடுதலான காற்றை, வேகமாக மிதிக்கிற சைக்கிளின் வேகத்தில், நொடிக்கு நொடி. இது முதல்முறை கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. காற்றை ஏதோ மந்திரவேகத்தில் அடித்துத் தள்ளுகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்! மெதுவாகத்தான் தள்ளுகிறது, ஆனால் மலைமலையாகத் தள்ளுகிறது.

இதுவரை சொன்னது அட்டையின் அடிப்பக்கக் கதை. இறக்கையில் பெரிய வேலை நடப்பது மேல்பக்கத்தில். அதைக் காட்ட ஒரு கரண்டி வேண்டும். குழாயைத் திறந்து சன்னமாக, சீராகத் தண்ணீர் விழும்படி வையுங்கள். கரண்டியின் காம்பு நுனியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் முதுகைத் தண்ணீரில் தொடவிடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது தலைகீழ்: கரண்டி தண்ணீருக்குள் இழுபடும். தண்ணீரைக் கவனித்தால் காரணம் தெரியும். அது கரண்டியின் முதுகோடு ஒட்டி வளைந்து, நேராக விழாமல் கரண்டியின் பக்கமாகத் திரும்பி ஓடும். தண்ணீர் ஒரு பக்கம் திரும்பினால் கரண்டி எதிர்ப்பக்கம் போகிறது. (தண்ணீருக்கு இருக்கும் ஒட்டும் குணமும் இதில் கொஞ்சம் உதவுகிறது. இறக்கையில் காற்று ஒட்டிப் போவதற்குக் காரணம் அச்சு அசலாக இதுவே என்று சொல்ல மாட்டேன். வளைந்து திரும்பும் ஓட்டம் பதிலுக்கு இழுக்கும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.) இறக்கையின் மேலே போகும் காற்றும் இப்படித்தான் அதன் முதுகோடு ஒட்டி வளைந்து, பின் விளிம்பில் கீழ்நோக்கித் திரும்பி வெளியேறுகிறது. இறக்கை மேலே இழுபடுகிறது.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். பலரும் படித்த பாடம் இப்படிப் போகும்: இறக்கையின் முன்விளிம்பில் காற்று இரண்டாகப் பிரிகிறது, மேல்வழி வளைந்திருப்பதால் தூரம் அதிகம், கீழ்வழி குறைவு, இரண்டும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும், ஆகவே மேலே போகும் காற்று வேகமாக ஓடுகிறது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஏன் ஒரே நேரத்தில் சேர வேண்டும்? பிரியும்போது பின்விளிம்பில் சந்திப்போம் என்று காற்று பேசிவைத்துக்கொண்டா பிரிந்தது? அப்படி எந்த விதியும் கிடையாது. காற்றுச் சுரங்கத்தில், அதாவது இறக்கையை நிறுத்திவைத்து அதன்மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூடத்தில், புகையை விட்டுவிட்டுச் செலுத்திப் படம் பிடித்தால், மேலே போன புகை கீழே போன புகையை முந்திக்கொண்டு பின்விளிம்பைத் தாண்டிவிடுவது தெரியும். பிரிந்தவை மறுபடி சந்திப்பதே இல்லை.

நானும் பல வருஷம் இந்தத் தப்பான கதையைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் ஒரு சிறுமி, தான் மடித்த காகித விமானத்தை நீட்டி, "இதுல மேல் பக்கம் வளைவே இல்லையே, இது மட்டும் எப்படிப் பறக்குது?" என்றாள். தட்டையான தாள். மேலும் கீழும் ஒரே தூரம். என்னிடம் பதில் இல்லை. வித்தை காட்டும் விமானங்கள் தலைகீழாகப் பறப்பதும் அப்போதுதான் உறைத்தது. வளைவு மேலே இருப்பதால்தான் பறக்கிறது என்றால், தலைகீழானதும் அது கீழேதானே இழுக்க வேண்டும்? உண்மையில் அந்த விமானங்கள் பலவற்றின் இறக்கை மேலும் கீழும் ஒரே மாதிரி வளைவு உள்ளது. தலைகீழாகப் போகும்போது மூக்கைத் தகுந்தபடி உயர்த்தி வைத்துக்கொண்டால் போதும், காற்று கீழே திரும்பும். ஆக, முக்கியமானது இறக்கை காற்றைச் சந்திக்கும் சாய்வு. வளைவான வடிவம் அந்த வேலையைக் குறைந்த சிரமத்தில், காற்றைக் கலைக்காமல் செய்ய உதவுகிறது.

அப்படியானால் மேலே காற்று வேகமாகப் போவது பொய்யா? இல்லை, அது உண்மை. காரணம்தான் வேறு. காற்று இறக்கையின் முதுகோடு ஒட்டி வளைய வேண்டுமென்றால், வெளிப்பக்கத்திலிருந்து யாராவது அதை இறக்கையை நோக்கி அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அமுக்குவது மேலே இருக்கும் மற்ற காற்று. அதாவது தூரத்தில் அழுத்தம் அதிகம், இறக்கையின் முதுகை ஒட்டி அழுத்தம் குறைவு. இப்போது முன்னாலிருந்து வரும் காற்றின் நிலையை யோசியுங்கள். அதற்குப் பின்னால் நெரிசல், முன்னால் நெரிசல் குறைந்த இடம். கூட்டத்தில் அப்படி ஒரு வழி கிடைத்தால் நம் நடை தானாக வேகமாகும் அல்லவா? காற்றும் அப்படித்தான் வேகமெடுக்கிறது. உங்கள் மகளிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: "முன்னால இடம் இருக்கு, பின்னால தள்ளுறாங்க, அதனால ஓடுது." அழுத்தத்தையும் வேகத்தையும் பெர்னூலி என்ற அறிவியலாளர் 1738-இல் இணைத்துக் காட்டியது இந்த உறவைத்தான்.

பெரியவர்கள் இடையே 'நியூட்டன் சரியா, பெர்னூலி சரியா' என்று ஒரு வாக்குவாதம் நடக்கும். வீண் சண்டை. ஒருவர் இன்னொருவருக்குப் பணம் கொடுத்தால், கொடுத்தவர் நோட்டில் செலவாகவும் வாங்கியவர் நோட்டில் வரவாகவும் அதே தொகை ஏறும். காற்று எவ்வளவு கீழே தள்ளப்பட்டது என்று பார்ப்பது ஒரு நோட்டு. இறக்கையின் மேலும் கீழும் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பது இன்னொரு நோட்டு. இரண்டையும் கூட்டிக்கொண்டால்தான் கணக்கு தப்பாகும்.

அழுத்த நோட்டில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் சேர்ந்து கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் பத்து டன் எடைக்குச் சமமாக அமுக்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுக்குவதால் நமக்குத் தெரிவதில்லை. நான் சொன்ன 78 டன் விமானத்தின் இறக்கைப் பரப்பு 122 சதுர மீட்டர் அளவு. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு 640 கிலோ தூக்கினால் போதும். பத்து டன்னில் 640 கிலோ என்பது நூற்றில் ஆறு பங்குதான்! இறக்கையைக் கீழிருந்து அமுக்கும் காற்றைவிட மேலிருந்து அமுக்கும் காற்று நூற்றில் ஆறு குறைந்தாலே பதினைந்து யானைகளும் தரையை விட்டுக் கிளம்பிவிடும். ஈரமான நாளில் விமானம் தரையிறங்கும்போது இறக்கையின் முதுகில் திடீரென வெள்ளையாகப் புகைபோல ஒரு படலம் தோன்றி மறைவதைப் பார்க்கலாம். அழுத்தம் குறைந்ததால் அங்கே காற்று குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் குட்டி மேகமாகிவிட்டது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் தவறவிட வேண்டாம்.

அடுத்து பிள்ளைகள் எஞ்சினுக்கு வருவார்கள். எஞ்சின்தான் விமானத்தை மேலே தூக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ராக்கெட்டுக்கு அது சரி, அதன் எஞ்சின் தன் எடையைவிட அதிகமாகத் தள்ளித்தான் கிளம்ப முடியும். நம் 78 டன் விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் முழு மூச்சில் சேர்ந்து தள்ளினால் சுமார் 24 டன் வரும். எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சினின் வேலை விமானத்தை முன்னால் தள்ளுவது, தூக்குவது இறக்கையின் வேலை. அந்த எஞ்சினும் 'தள்ளினால் தள்ளும்' கட்சிதான். ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால் காற்றைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் சீறும் அல்லவா, அதன் பெரிய அண்ணன். முன்னால் தெரியும் பெரிய விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. ஒரு பகுதி உள்ளே நெருக்கப்பட்டு, எரிபொருளோடு எரிந்து, சூடாகப் பின்னால் பாய்கிறது. பாயும் வழியில் சக்கரங்களைச் சுழற்றுகிறது, அந்தச் சுழற்சியில்தான் முன்விசிறியே ஓடுகிறது. இன்றைய பயணிகள் விமானங்களில் உள்ளே நுழையும் காற்றில் பெரும்பகுதி எரியும் அறைக்குப் போவதே இல்லை. விசிறி அதை வெளிச்சுற்று வழியாக நேராகப் பின்னால் தள்ளிவிடுகிறது. உந்தலில் பெரும்பங்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது.

"எஞ்சின் நின்னுட்டா?" இந்தக் கேள்வி வராமல் இருக்காது, ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். எஞ்சின் நின்றாலும் விமானம் கல்லைப் போல விழாது. மலைச்சரிவில் மிதிக்காமல் இறங்கும் சைக்கிளைப் போல, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வேகத்தை வைத்துக்கொள்ளும். பெரிய விமானங்கள் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் பதினைந்து கிலோமீட்டர் அளவு முன்னால் போய்விடும். 2001 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேல் ஓர் ஏர்பஸ் ஏ330 விமானத்தில் எரிபொருள் ஒழுகித் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. எஞ்சினே இல்லாமல் சுமார் 19 நிமிடம் சறுக்கிப் பறந்து அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

ஓடுபாதையில் ஏன் அவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதற்கும் இப்போது பதில் எளிது. இறக்கை தள்ளுவதற்குக் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். மெதுவாக ஓடும்போது தூக்கல் பற்றாது. மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டும்போது விமானி மூக்கை லேசாக உயர்த்துகிறார். அட்டையின் முன்விளிம்பைத் தூக்கினோமே, அதேதான். காற்று கீழே திரும்புகிறது, விமானம் எழும்புகிறது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் இறக்கையின் பின்விளிம்பில் பலகைபோல ஒரு பகுதி நீண்டு கீழே மடங்குவதைப் பார்க்கலாம், 'ஊய்ங்' என்று ஒரு சத்தமும் கேட்கும். அதற்கு ஃபிளாப் என்று பெயர். குறைந்த வேகத்திலும் நிறையக் காற்றைத் திருப்பிவிட இறக்கையைப் பெரிதாக்கி வளைக்கும் ஏற்பாடு அது. தரையைத் தொட்டதும் இறக்கையின் முதுகில் சில தகடுகள் செங்குத்தாக எழும்பும். உடைந்துவிட்டதோ என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். வேண்டுமென்றேதான் இறக்கையின் தூக்கலைக் கெடுக்கிறார்கள். விமானத்தின் எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும்.

மூக்கை எவ்வளவு தூக்கினாலும் தூக்கல் கூடிக்கொண்டே போகுமா? போகாது. சுமார் 15 டிகிரிக்கு மேல் போனால் காற்று இறக்கையின் முதுகோடு ஒட்ட முடியாமல் பிய்த்துக்கொண்டு சுழலும். தூக்கல் சட்டென்று குறையும். விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். கார் எஞ்சின் 'ஆஃப்' ஆவதற்கும் அதே பெயர் இருப்பதால் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தம் இல்லை. காகித விமானத்தைச் செங்குத்தாக மேலே எறிந்தால் ஒரு நொடி தயங்கி நின்று, மூக்கைக் கவிழ்த்து இறங்கும். அந்தத் தயக்கம்தான் ஸ்டால். மூக்கு கவிழ்ந்ததும் வேகம் கிடைத்து மறுபடி பறக்கத் தொடங்கும். விமானிகளுக்குச் சொல்லித்தரும் பாடமும் அதுதான்: மூக்கைத் தாழ்த்து.

திருப்புவது தனிக்கலை, விமானம் பிறந்த கதையே அதில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் சுமார் 2,000 முறை சறுக்கு இறக்கையில் பறந்தவர். உடம்பை அப்படியும் இப்படியும் அசைத்துத்தான் அதைத் திருப்பினார். 1896-இல் காற்று தூக்கி நிறுத்தியபோது அந்த அசைவு போதாமல் விழுந்து இறந்தார். அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் அந்தச் செய்தியைப் படித்து யோசித்தார்கள். சைக்கிள் ஓட்டுபவர் வளைவில் சாய்ந்துதானே திரும்புகிறார்? விமானத்தையும் சாய்த்துத் திருப்பினால் என்ன? இறக்கை நுனிகளை முறுக்கி ஒரு பக்கம் தூக்கலைக் கூட்டி மறுபக்கம் குறைத்தார்கள். இன்றைய விமானங்கள் முறுக்குவதற்குப் பதிலாக இறக்கை நுனிக்கு அருகே சிறு மடிப்புத் தகடுகளை வைத்திருக்கின்றன. விமானம் சாய்ந்ததும் தூக்கும் விசையும் சாய்ந்து பக்கவாட்டில் இழுக்கிறது, விமானம் திரும்புகிறது. வாலில் நிற்கும் சுக்கான் திருப்பத்தை நேர்த்தியாக்கத்தான், அது காரின் ஸ்டீயரிங் இல்லை. வாலின் படுக்கைத் தகடுகள் மூக்கை ஏற்றவும் இறக்கவும்.

1903 டிசம்பர் 17 அன்று அவர்களின் முதல் பறப்பு 12 நொடி, சுமார் 36.5 மீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு 11 கிலோமீட்டர். ஓடுகிற பிள்ளையே முந்திவிடலாம்! அவ்வளவு மெதுவாகப் போன இயந்திரம் எப்படிப் பறந்தது? அன்று எதிர்க்காற்று மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது. தரைக்கு அது மெதுவாகப் போனது, இறக்கைக்கோ மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று கிடைத்தது. இறக்கைக்குத் தரை தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். இன்றும் விமானங்கள் எதிர்க்காற்றை நோக்கிக் கிளம்புவதற்கும் இறங்குவதற்கும் காரணம் இதுவே.

பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏன் போகிறார்கள் என்றும் கேட்பாள். அங்கே காற்று தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். தடுக்கும் காற்று குறைவு, எரிபொருள் மிச்சம். தூக்கலும் குறையுமே என்றால், அதை மணிக்கு 800, 900 கிலோமீட்டர் வேகத்தால் ஈடுகட்டுகிறார்கள்.

விமானம் குலுங்கும்போது 'ஏர் பாக்கெட்' என்று சொல்லிக் குழியைக் கற்பனை செய்ய வைக்காதீர்கள். காற்றில் பள்ளம் கிடையாது. மேலேயும் கீழேயும் அலையும் காற்றில் விமானம் படகுபோல ஆடுகிறது. அப்போது இறக்கை நுனி மேலும் கீழும் வளையும், அது வளைய வேண்டியதுதான். விமானம் தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமை எது என்று கணக்கிட்டு, அதைப்போல ஒன்றரை மடங்கு சுமையைத் தாங்கும் என்று நிரூபித்த பிறகே பயணிகளை ஏற்ற அனுமதி தருகிறார்கள். பெல்ட்டை மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு வேலை. காகித விமானம் ஒன்று மடித்து, இறக்கையின் பின்விளிம்பை இரண்டு பக்கமும் துளி மேலே மடித்து எறியச் சொல்லுங்கள், மூக்கு ஏறும். கூடுதலாக மடித்தால் ஸ்டால் ஆகி விழும். மூக்கில் ஒரு காகிதக் கிளிப் மாட்டினால் சரியாகும். ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் மடித்தால் உருண்டு திரும்பும். ஒரு மடிப்புக்கு ஒரு எறி. என்ன ஆகும் என்று எறிவதற்கு முன்னாலேயே அவள் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி வரும், எனக்குப் பிடித்தது: "நிலாவுல விமானம் பறக்குமா?" பறக்காது, தள்ளுவதற்கு அங்கே காற்று இல்லை. செவ்வாயில்? அங்கே காற்று உண்டு, ஆனால் அடர்த்தியில் நம் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். 2021 ஏப்ரல் 19 அன்று இன்ஜெனுவிட்டி என்ற 1.8 கிலோ ஹெலிகாப்டர் அங்கே எழும்பியது. அந்தச் சன்னமான காற்றைப் போதுமான அளவு கீழே தள்ள, 1.2 மீட்டர் விட்டமுள்ள இறக்கைகளை நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சுழற்ற வேண்டியிருந்தது. அதன் சூரியத் தகட்டுக்குக் கீழே ஒரு துண்டுத் துணியைச் சுற்றி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தின் இறக்கையிலிருந்து எடுத்த துணி.